தீவில் கட்டிய காப்பு

எங்கள் பள்ளியில் தையல் டீச்சரிடம் "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லமாட்டோம். பிடித்தால் விடமாட்டார். பிடிக்கச் சொன்னவர் திரும்பி வந்து, "விடுங்க டீச்சர்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. "கட்டுனவங்கதான் அவுக்கணுங்க" என்பார். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்.

பிடிவாதக்காரி என்றுதான் முதலில் நான் நினைத்தேன். பிடிவாதம் என்றால் அதில் கொஞ்சமாவது சொந்த ஆசை இருக்க வேண்டும். டீச்சருக்கு அப்படி எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் போகிற போக்கில் சொன்னதை, சொன்னவரே மறந்த பிறகும், தூக்கிக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான்.

பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சேர்ந்த முதல் வாரமே ஒரு காட்சி கண்ணில் பட்டது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நல்ல வளர்ந்த வேப்பமரம். காலை மணி அடிப்பதற்கு முன்னால் தையல் டீச்சர் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து அதன் அடியில் ஊற்றிவிட்டுப் போவார். தினமும் ஒரே ஒரு மக்கு.

"என்ன டீச்சர் வேண்டுதலா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. பழைய எச்செம் சொன்னாருங்க. செடிக்குத் தெனம் ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க, நான் போதும்ங்கற வரைக்கும்னு. அவரு சொல்லாமயே ரிட்டயராயிப் போயிட்டாரு."

"அது செடி டீச்சர். இது மரம். இதில் ஊஞ்சல் கட்டி ஆடலாம்."

"எப்பலருந்து மரம்னு அவருதானுங்க சொல்லணும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று மதியமே அந்தப் பழைய தலைமையாசிரியரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். மனுஷன் சேலத்தில் மகன் வீட்டில் இருந்தார். "நான் செடி வச்சனா? எங்க?" என்று கேட்டார். அவருக்கு வேம்பும் ஞாபகமில்லை, மக்கும் ஞாபகமில்லை. போனை டீச்சர் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, டீச்சர் நின்றபடியே "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். போனைத் திருப்பித் தரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்ல காரியம் பண்ணீங்க டீச்சர். முழுப் பரிட்சை லீவுலகூட தெனம் வந்துகினு இருந்தங்க. காச்சலப்பகூட வந்தேன்."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் சிரிப்பு நின்றது.

இன்னொரு முறை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண், "இந்தப் பையப் பாத்துக்கங்க, தோ வந்துட்றேன்" என்று டீச்சரிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது, தன் பஸ் கிளம்புகிறது என்று பதறி வேறு எந்தப் பஸ்ஸிலோ ஏறி, ஒகேனக்கல் போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சர் நான்கு மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அதே தூணடியில் நின்றார். நாங்கள் மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். போலீசிடம் கொடுக்கலாம் என்றோம். "போலீசா என்கிட்ட குடுத்தாங்க?" என்றார். பையில் என்ன இருந்தது என்று கடைசிவரை அவர் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் வந்து பிரித்தபோது நாங்கள்தான் எட்டிப் பார்த்தோம். ஒரு கிலோ தக்காளி, நசுங்கிப்போய் இருந்தது.

குடியரசு தினத்துக்குக் கொடியை மடித்து முடிச்சுப் போடுகிற வேலையை ஒரே ஒரு வருடம் அவரிடம் கொடுத்தோம். பூவெல்லாம் உள்ளே வைத்து அழகாகக் கட்டியிருந்தார். விருந்தாளியாக வந்த ஊர்ப் பிரமுகர் கயிற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். தொங்குகிற அளவுக்கு வந்துவிட்டார். பாண்டு வாசிக்கிற பிள்ளைகள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கடைசியில் டீச்சர் வரிசையிலிருந்து வெளியே வந்து, கயிற்றை வாங்கி ஒரு சுண்டு சுண்டினார். பூ கொட்டியது. "நான் கட்டுனதுங்க, என் கைக்குத்தான் வரும்" என்று பிரமுகரிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சல்யூட் அடித்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது.

ஒரு கல்யாண மண்டபத்தில் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் பாப்பாரப்பட்டிக்கார அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகப் பழக்கம் மட்டும்தான். முகூர்த்த நேரம், கெட்டிமேளம் காதைப் பிளக்கிறது. அந்த அம்மா குனிந்து ஏதோ கேட்டார். டீச்சர் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது: "குடுப்பீங்களா?" ஜாக்கெட் தைக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கென்னாங்க, குடுத்துட்றேன்" என்றார் டீச்சர். மேளம் அடங்கிய பிறகு, "அளவு ஜாக்கெட் எப்பங்க தருவீங்க?" என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா கேட்டது, "உங்க பொண்ண எங்க பையனுக்குக் குடுப்பீங்களா?"

மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தாள். கெட்டிக்காரி. அம்மாவின் நேர் எதிர், தராசில் வைத்தாற்போல் பேசுவாள். "எனக்கு வேணாம்" என்று நான்கு முறை சொன்னாள். டீச்சருக்கும் இஷ்டமில்லை. "தெரியுங்க டீச்சர். ஆனா வாயில வந்துடுச்சே. அவங்களா வேணாம்னு சொன்னா சரி. நான் எப்பிடிங்க சொல்றது?" என்றார். லாரி ஓட்டுகிற அவருடைய வீட்டுக்காரர் நாக்பூரிலிருந்து போனில், "உன் வாய், உன் பாடு" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஆடி கழிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், பெண் பார்ப்பதை மட்டும் இப்போதே முடித்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். பத்தரை மணிக்கு வீட்டு வாசலில் நின்று "வாங்க" என்று கூப்பிடுவதாக டீச்சர் வாக்குக் கொடுத்தார். ஒரு ஜாக்கெட்டுக்குச் சொன்ன சம்மதத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகவிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தீவு வந்து குறுக்கே நின்றது.

பென்னாகரத்திலிருந்து காட்டுச் சாலையில் இறங்கினால் அணைத் தண்ணீர் வந்து தேங்குகிற இடம். நடுவில் ஒரு கரடு. தண்ணீர் குறைந்தால் நடந்தே போய் ஆடு மேய்ப்பார்கள். தண்ணீர் ஏறினால் கரட்டின் தலை மட்டும் வெளியே தெரியும். பெங்களூரில் சம்பாதித்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் அதில் 'பிரைவேட் ஐலேண்ட் பீச் ரிசார்ட்' கட்டியிருந்தார். திறப்பதற்கு முன்னால் ஆசிரியர்கள் வந்து ஒரு நாள் தங்கி ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்று அழைத்தார். சனி காலை போய் ஞாயிறு காலை ஆறு மணிப் படகில் திரும்புவது என்று ஏற்பாடு. ஸ்டாஃப் ரூமில் தேதி சொல்வதற்கு முன்பே தையல் டீச்சர் "வரேங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் வந்தே ஆக வேண்டியதாயிற்று. ஏழு மணிக்கு வீட்டில் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

பீச் என்றால் மணல் வேண்டும் அல்லவா, டிப்பர் டிப்பராக எம்-சாண்ட், அதாவது கல்லை அரைத்த மணல், கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் கட்டிட வேலை நடக்கிற இடம் மாதிரி இருந்தது. தென்னை மரங்கள் சிமெண்டு உறைகளுக்குள் நின்றன. அலை கிடையாது என்பதால் பாறைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைத்து அலைச் சத்தம் போட்டிருந்தார்கள். அவ்வப்போது அலை சட்டென்று நின்று, ஒரு டைல்ஸ் விளம்பரம் வந்து, மறுபடி அலை அடிக்கும். இப்போதைய எச்செம் கண்ணை மூடி, "கடலுக்கு வந்த மாதிரியே இருக்குது" என்றார். ஓசிச் சாப்பாட்டுக்கு முன் மனிதர் எதையும் பாராட்டுவார்.

படகை விட்டு இறங்கியதும் வரவேற்பு. ஸ்பீக்கரில் பம்பை மேளம். மண் குவளையில் மூலிகைத் தண்ணீர், மேலே மிதக்கிற இரண்டு வேப்பிலை. வரவேற்பில் நின்ற பெண் வடகிழக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றிப் பொத்தான் அழுத்தினார். தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னார்: "சண்டே வரைக்கும் கழட்டாதீங்க. கழட்டினா சாப்பாடு இல்லே. இதோட வெளியே போகக் கூடாது."

எங்களுக்கு அது சாப்பாட்டு டோக்கன். தையல் டீச்சருக்கு முன்னால் அந்தப் பெண் வந்தபோது, டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நீட்டியிருந்த வலது கையை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். "பொம்பளைக்கு எடது கைங்க" என்றார். கண்ணை மூடினார். பட்டை ஏறியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணும் என்ன ஏது என்று புரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது, நாங்கள் முஸ்லிம்கள். எங்கள் அத்தா தருமபுரிக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஆனாலும் அந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் காப்புக் கட்டுவது என்றால் என்ன என்று தெரியும். ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டியவர் கறி மீன் தொடமாட்டார். செருப்புப் போடமாட்டார். காப்பு அவிழ்க்கும் வரை எல்லை தாண்டிப் போய்த் தங்கமாட்டார். அதுவரை கல்யாணம், நிச்சயம் என்று ஒரு நல்ல காரியமும் நடக்காது. மஞ்சள், வேப்பிலை, பம்பை, ஆடி மாதம், கழற்றாதே, வெளியே போகாதே. டீச்சர் வேறு என்னதான் நினைப்பார்?

"டீச்சர், இது ஓட்டல்காரங்க கட்டறது. எல்லா ஊர்லயும் கட்டுவாங்க" என்றேன்.

"எந்த ஊர்ல கட்டுனா என்னாங்க, கட்டுனா கட்டுனதுதான். இந்தத் தண்ணிக்கு அடியில ஊரு இருக்குதுங்க. அணை கட்டறப்ப முழுவிப்போச்சு. ஊருன்னா ஆத்தா இருப்பா. ஊரு முழுவிடுச்சின்னு எல்லையும் போயிடுமா?"

நான் அவருடைய செருப்பை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று பகல் முழுவதும் டீச்சர் வெறுங்காலோடு எம்-சாண்டில் நடந்தார். மதியம் பிரியாணி, மீன் வறுவல், நண்டு எல்லாம் வரிசையாக வைத்திருக்க, அவர் தயிர்சாதமும் ஊறுகாயும் கேட்டு வாங்கினார். "நீங்க சாப்புடுங்க டீச்சர், உங்க வூட்ல ஆத்தா கணக்குக் கெடையாது" என்று என்னை மீன் பக்கம் தள்ளிவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே அறை. கட்டிலில் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். குளித்துவிட்டு வந்த டீச்சர் அதைத் தொடவில்லை. "எவ்ளோ பாடுபட்டு மடிச்சிருக்காங்க, அவங்களே பிரிக்கட்டும்" என்று முந்தானையில் தலையைத் துவட்டிக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். ஏசி அறையில் தரை ஐஸ் மாதிரி இருந்தது. பறவை கட்டிலில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் படகில் ஏறினார்கள். டீச்சர் கரையில் நின்றார்.

"ஏறுங்க டீச்சர், மாப்ள வூட்டுக்காரங்க வந்துடுவாங்க" என்றார் எச்செம்.

"காப்பு அவுக்கலீங்களே சார்."

"அது பிளாஸ்டிக்குங்க டீச்சர்!"

"மஞ்சக்கொம்பு கெடைக்காத எடத்துல வேற என்னா பண்ணுவாங்க பாவம்."

மேனேஜர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். "நீங்களா கட்டுனீங்க?" என்று டீச்சர் கேட்டார். கட்டிய பெண் எங்கே என்று பார்த்தால், வார விடுமுறைக்காக முந்தைய நாள் சாயங்காலமே பெங்களூர் போய்விட்டாராம். திங்கள்கிழமைதான் வருவார். போன் போட்டால் எடுக்கவில்லை. எச்செம் அதட்டினார், கெஞ்சினார், மெமோ கொடுப்பேன் என்றார். டீச்சர் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார், நகரவில்லை. கடைசியில் படகு கிளம்பியது. நான் மட்டும் இறங்கி அவரோடு நின்றுகொண்டேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரைத் தனியாக விடவும் மனசு வரவில்லை.

அப்போதுதான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். மனுஷி கைப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, போகிற படகையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் காப்பு, அந்தப் பக்கம் பத்தரை மணிக்கு வாசலில் நிற்பதாகச் சொன்ன சொல். இரண்டு கட்டும் இரண்டு பக்கம் இழுத்தால் அவர் என்ன செய்வார்? "ரெண்டயும் நாந்தான டீச்சர் கைய நீட்டி வாங்கிக்கினேன்" என்றார். பெண் பார்ப்பதற்காக வீட்டுக்கு வந்திருந்த மகளுக்குப் போன் போட்டோம். "வரமுடியாதா? சரி, நல்லதாப் போச்சு" என்றாள் அவள். டீச்சர் விடவில்லை. பாப்பாரப்பட்டி அம்மாவுக்கே போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

அந்தப் பக்கம் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா சொன்னார்: "காப்புன்னா என்னாங்க பண்றது. இன்னிக்கி வரேன்னு நானும் சொல்லிட்டனே. நாங்க அங்கயே வந்துட்றம். எந்த வாசலா இருந்தா என்னா."

உலகத்தில் இப்படி ஒருவர்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். பாப்பாரப்பட்டியில் இன்னொருவர் இருந்தார்.

காலையில் போன படகு பழுது என்று சொல்லிவிட்டதால் கரையில் ஒரே ஒரு பரிசல்தான். அதனால் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், அவர்களோடு பார்க்கப்பட வேண்டிய பெண், எல்லோரும் ஒரே பரிசலில் வந்தார்கள். முறைப்படி பெண் உள்ளே இருந்து தட்டோடு வரவேண்டும், அதுவரை மாப்பிள்ளை பார்க்கக் கூடாது. வட்டப் பரிசலில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் எதிரில் ஒரு ஆள் இருப்பார். அது வேறு சுற்றிச் சுற்றி வந்தது. அவரவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். தாம்பூலத் தட்டு மாமன் மடியில் இருந்தது.

டீச்சர் கரையோரம் தண்ணீரில் கால் நனைய நின்று, கைகூப்பி, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்றார். மணி சரியாகப் பத்தரை. ஒரு கட்டு அவிழ்ந்தது என்று நான் மூச்சுவிடுவதற்குள், மேனேஜர் கடமை தவறாமல் வந்தவர்கள் நான்கு பேர் கையிலும் மஞ்சள் பட்டையை மாட்டிவிட்டார்.

"ஐயையோ, கட்டிட்டீங்களா?" என்று டீச்சர் கத்தினார்.

பாப்பாரப்பட்டி அம்மா தன் கையைப் பார்த்தார். மகன் கையைப் பார்த்தார். "இனிமே எப்பிடிங்க பொண்ணு பாக்கறது?" என்றார். மாமன்காரர் பிரியாணி அண்டாவையும் தன் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் எம்-சாண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். காப்பு இருப்பதால் பார்ப்பது கணக்கில் இல்லை, சும்மா வந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு அம்மாக்களும் முடிவு செய்தார்கள். ஸ்பீக்கரில் அலை அடித்தது, டைல்ஸ் விளம்பரம் வந்தது.

பார்ப்பது கணக்கில் இல்லை என்றானதும் பெண்ணும் பிள்ளையும் பேசுவதற்கு ஒரு தடையும் இல்லாமல் போய்விட்டது. துணைக்கு என்னை உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை பாப்பாரப்பட்டியில் செல்போன் கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். ரொம்ப நேரம் மணலைக் கிளறிவிட்டு, "உங்களுக்கு இதுல இஷ்டமாங்க?" என்று கேட்டார்.

"இல்லைங்க. எங்கம்மா ஜாக்கெட்டுன்னு நெனச்சு சொன்ன வார்த்தைங்க இது. உங்களுக்கு?"

"எனக்கும் இல்லைங்க. எங்கம்மாவுக்கே இல்லைங்க. மண்டபத்துல பக்கத்துல உக்காந்துகினு ஒண்ணும் பேசாம இருந்தா நல்லாருக்காதேன்னு சும்மா கேட்டாங்களாம். உங்கம்மா டக்குனு 'குடுத்துட்றேன்'னுட்டாங்க. கேட்டவ பின்வாங்கக் கூடாதுன்னு எங்கம்மா அன்னிலருந்து சரியாச் சாப்புடறதில்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. "மிஸ், நாலு மாசமா நான் தூங்கலை மிஸ். யாருக்குமே வேணாம்னா எதுக்கு மிஸ் இது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை எழுப்பி நேராக இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாப்பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

டீச்சர் அந்த அம்மாவைப் பார்த்தார். "நீங்க மனசாரக் கேக்கலீங்களா?"

"கேட்டது கேட்டதுதானுங்க. மனசு எதுக்கு இதுல?" என்றார் அந்த அம்மா. பிறகு மெதுவாக, "நீங்க மனசாரத்தான சொன்னீங்க?"

"நான் ஜாக்கெட்டுன்னு நெனச்சங்க."

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். சரி, முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்களுக்குத் தோன்றவில்லை.

"அப்ப நீங்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றார் டீச்சர்.

"குடுக்கறேன்னது நீங்க. நீங்க சொல்லுங்க."

"கேட்டது நீங்கதான. நீங்க கட்டுனது. நீங்கதான அவுக்கணும்."

"வாக்கு உங்களுது. என் மேல எதுக்குப் பழியப் போடறீங்க?"

அரை மணி நேரம் இதே பேச்சு. ஒருவர் குரலும் உயரவில்லை. மரியாதை ஒரு இடத்திலும் குறையவில்லை. "நீங்க மொதல்ல", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று பந்தியில் உட்காரச் சொல்கிற மாதிரி உபசரித்துக்கொண்டே அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமன்காரர் எழுந்துபோய் மோர் குடித்துவிட்டு வந்தார். பரிசல்காரர், காற்று கிளம்புகிறது, வருகிறவர்கள் வரலாம் என்று குரல் கொடுத்தார்.

மகள் அம்மாவுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, கையில் இருந்த மஞ்சள் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். அதன் ஓரம் கூர். மணிக்கட்டைச் சுற்றித் தோல் சிவந்து தடித்துப்போயிருந்தது.

டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்க" என்று அந்த அம்மாவிடம் திரும்பாமலே சொன்னார், "நான் வாக்குக் குடுத்தது உங்களுக்கு. ஆனா உங்களயா கட்டி வெச்சேன்? இவளத்தான கட்டி வெச்சிருக்கேன்."

பிறகு மகளிடம், "எனக்கு இஷ்டமில்ல சாமி. இந்தக் கல்யாணம் வேணாம். நாந்தான் கட்டுனேன், நானே அவுத்துட்டேன். போதும்."

பாப்பாரப்பட்டி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினார். அது துக்கம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. கணக்கு டீச்சர் அழுதாள் என்று வெளியில் தெரிந்தால் பள்ளியில் மரியாதை இருக்காது என்பதால் மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

டீச்சர் எழுந்தார். வெறுங்காலோடு பரிசல் வரைக்கும் நடந்தார். தண்ணீர் காலைத் தொடுகிற இடத்தில் நின்றுவிட்டார். அவருடைய காப்பு இன்னும் கையில்தான் இருந்தது. கட்டிய பெண் திங்கள்கிழமை வருவார். மேனேஜர் தான் கட்டிய நான்கு பட்டைகளையும் வெட்டிவிட்டு, கத்தரிக்கோலை டீச்சரிடம் நீட்டினார். "கட்டுனவங்க வெட்டலாம், மத்தவங்க வெட்டக் கூடாதுங்க" என்று டீச்சர் அதை வாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, இடது கையை அவள் முன்னால் நீட்டினார்.

"நீ அவுத்து வுடு."

"நான் கட்டலையேம்மா."

"தெரியும். கட்டுப்பட்டுக் கெடந்தவ நீதான. நீ அவுத்து வுடு."

அந்தப் பட்டை லேசில் பிய்கிற சாதி இல்லை. நகத்தால் கீறிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், கடைசியில் குனிந்து பல்லால் கடித்தாள். பரிசல்காரர் அவசரப்படுத்தினார். அவள் கடித்துக்கொண்டே இருந்தாள். பல் நாலைந்து முறை சதையில் பட்டு ரத்தம் கசிந்தது. டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.